கிளீனர் சைடு

1

போன வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் கை வைத்த நேரத்தில் அந்த மின்னஞ்சல் வந்தது. என் மகன் நிகில் விளையாடும் சிறுவர் கால்பந்து அணியின் குழந்தைகள் நலப் பொறுப்பாளர் லிண்டா அனுப்பியிருந்தார். "உங்கள் குடும்ப உறுப்பினர் ஒருவர் மைதானத்தில் பயன்படுத்திய ஒரு சொல் குறித்து எங்களுக்குக் கவலை வந்திருக்கிறது. வியாழன் மாலை ஒரு தேநீர் குடித்தபடி பேசலாமா?"

நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஸ்விண்டன் ஊரில் வீடு வாங்கி, தோட்டத்தில் புல் வெட்டி, பக்கத்து வீட்டுக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிப் பேசி, இவர்களுடைய ஆங்கிலத்தை ஓரளவு பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 'புகார்' என்ற சொல்லை எடுக்கவே மாட்டார்கள், 'கவலை' என்பார்கள். 'வந்து பதில் சொல்' என்று கேட்க மாட்டார்கள், தேநீருக்குக் கூப்பிடுவார்கள். நம்மூர் தாலுகா ஆபீசில் முகத்துக்கு நேராக எரிந்து விழுவார்கள். வெளியே வந்து ஒரு டீ குடித்தால் மறந்துபோகும். இங்கே தேநீருக்குக் கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

குடும்ப உறுப்பினர் யார் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. மைதானத்தில் எங்கள் குடும்பத்தில் வாயைத் திறக்கிற ஒரே ஆள் நான்தான். என்ன சொல் என்பதும் உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஆடுகிற பையன் மெல்வின். கோவாவிலிருந்து போர்ச்சுகல் பாஸ்போர்ட்டில் வந்து குடியேறிய குடும்பம். இந்த ஊரில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். அவன் அம்மா ஃபிலோமினா, பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலேயே துப்புரவு வேலை பார்க்கிறார். காலையில் பிள்ளைகள் உள்ளே போகும்போது அவர் நீல அங்கியோடு வாளியும் துடைப்பமுமாக எதிரே வருவார். எல்லாப் பிள்ளைக்கும் அவரைத் தெரியும். இங்கே அந்த வேலைக்குப் பெயர் கிளீனர்.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோட்டுக்கு வெளியே நின்று, பந்தை இடது பக்கம் போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவது என்ன தெரியுமா? "கிளீனர் சைடு! கிளீனர் சைடு!"

சில வாரங்களாக நான் அப்படிக் கத்தும்போதெல்லாம் பையன்கள் சிரித்தார்கள். என் உற்சாகத்தை ரசிக்கிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் பலமாகக் கத்தினேன். மின்னஞ்சலுக்கு முந்தின ஞாயிறு நான் கத்தியதும் ஃபிலோமினா தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். வெயில் காயப் போகிறார் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். 

2

வாசிக்கிற உங்களில் சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் இருந்தால் 'கிளீனர் சைடு' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியில் வலது பக்கம் டிரைவர், இடது பக்கம் கிளீனர். அதனால் எங்கள் ஊரில் வலதுக்கு டிரைவர் சைடு, இடதுக்கு கிளீனர் சைடு. கல்யாண வீட்டில் பந்தி எங்கே என்று கேட்டால்கூட "அப்படியே கிளீனர் சைடுல திரும்பிப் போங்க" என்று சொல்லும் ஆட்கள் உண்டு.

எங்கள் ஊர் புதுச்சத்திரம். வீட்டுக்கு வீடு லாரியோ, லாரியில் ஏறிப் போன ஆளோ இருக்கிற நெடுஞ்சாலை ஊர். கிரிக்கெட் மட்டைகள் உண்டு, கபடி உண்டு. கால்பந்தை யாரும் காலால் தொட்டதில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேர் பல வருடம் கால்பந்து ஆடினோம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, நண்பன் சாதிக்கின் அத்தா வைத்திருந்த ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடையின் பின்னறையில், ஒரு பழைய டிவியில்.

சாதிக்கின் துபாய் மாமா கொண்டுவந்து கொடுத்த பிளேஸ்டேஷன் அது. டிஸ்க்கை சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கடையில் வாங்கிவந்தோம். போட்டுப் பார்த்தால் எல்லாம் ஜப்பான் எழுத்து. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரன் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் படிக்காமலேயே ஆடக் கற்றோம். "கீழ ரெண்டு, பக்கத்துல ஒண்ணு, வட்டம்" என்றால் ஆட்டம் தொடங்கும். ஒருமுறை சாதிக் பக்கத்துல ரெண்டு அமுக்கிவிட, மைதானம் முழுக்கப் பனி கொட்டியது. பங்குனி வெயிலில் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பனியைப் பார்த்தோம்.

பொத்தான்களுக்கும் எங்கள் பெயர்தான். பெருக்கல் அமுக்கினால் பக்கத்து ஆளுக்குப் பாஸ். வட்டம் அமுக்கினால் தூக்கி அடிப்பான். பெட்டி அமுக்கினால் கோலை நோக்கி அடி. ஆட்டக்காரர் பெயரைப் படிக்க முடியாததால் நாங்களே பெயர் வைத்தோம். ஒருவன் மொட்டை, ஒருவன் கொண்டை. முன்னால் நின்ற ஒருவன் மீசையும் முறைப்புமாகச் சாதிக்கின் பெரியப்பா மாதிரியே இருந்தான். அந்தப் பெரியப்பாவுக்கு ஊர் தம்மம்பட்டி. அதனால் உலகப் புகழ் பெற்ற யாரோ ஒருவர் எங்களிடம் தம்மம்பட்டிக்காரராகவே கோல் அடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆள் குமரேசன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு தாய்மாமன் லாரியில் கிளீனராக ஏறியவன். சரக்கோடு குஜராத் போவான், பஞ்சாப் போவான், வந்து குளித்துவிட்டு நேராகக் கடைக்கு வருவான். குளித்தும் டீசல் வாசம் போகாது. எங்களிடம் இருந்தது இரண்டு கன்ட்ரோலர். நானும் சாதிக்கும் ஒரே அணியாக மெஷினோடு ஆடுவோம். குமரேசன் உட்காரவே மாட்டான். பின்னால் நின்று வழி சொல்வான்.

அந்த ஆட்டத்தில் பாதி நேரம் நம் ஆட்கள் திரையில் வலப்பக்கம் ஓடுவார்கள். இடைவேளைக்குப் பிறகு திரும்பி இடப்பக்கம் ஓடுவார்கள். லெஃப்ட் என்று கத்தினால் திரைக்கு லெஃப்ட்டா, ஓடுகிறவனுக்கு லெஃப்ட்டா என்று குழம்பும். நானும் சாதிக்கும் இதில் தினம் சண்டை போட்டோம். குமரேசன்தான் தீர்த்து வைத்தான்.

"லாரி எந்தப் பக்கம் போனாலும் கிளீனர் கிளீனர் சைடுலதான்டா உக்காரோணும். கோல் போஸ்ட பாத்து வண்டிய நிறுத்திக்கோ. அப்பறம் என்றா சந்தேகம் உங்களுக்கு?"

அத்தோடு சண்டை தீர்ந்தது. "கிளீனர் சைடு ஃப்ரீ, கிளீனர் சைடு போடு" என்று அவன் குரல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தை அமுக்கலாம். லாரிக் கதவைத் தட்டுவதுபோல அறையின் பிளைவுட் தடுப்பைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து, ரெண்டு தட்டு என்றால் பெட்டி. முன்பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பயந்துபோய், "ஏனுங்க பாய், உள்ளார யாரையாச்சும் அடைச்சு வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்பார்கள். கோல் விழப்போகிற நேரத்தில் கரண்ட் போகும். கரண்ட் போனால் டிரா. அது எங்கள் சட்டம்.

அதைவிடச் சந்தோஷமாக நான் எதையும் ஆடியதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது அடுத்து வருகிறது.

3

நிகிலை இந்த அணியில் சேர்த்த புதிதில், பயிற்சியாளர் கிரஹாமுக்கு ஒத்தாசைக்கு ஆள் தேவைப்பட்டது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ராஜேந்திரன் என்ற என் பெயரை ராஜ் என்று வெட்டிக்கொண்டு கேட்டார்: "ராஜ், நீங்கள் ஆடியதுண்டா?"

"உண்டு. ஊரில் பல வருடம்."

"எந்த இடம்?"

"இடது ஓரம்."

ஒரு வார்த்தை பொய் இல்லை பாருங்கள். ஆடினேன், பல வருடம் ஆடினேன், பெரும்பாலும் கிளீனர் சைடில்தான் ஆடினேன். எதில் ஆடினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கே எனக்கு ஒரு ஊதலும், கழுத்தில் மாட்டும் அட்டையும் கொடுத்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அப்பாக்கள் ஒவ்வொருவரும் சேற்றில் உருண்டு, முழங்காலில் தழும்போடு வளர்ந்தவர்கள். அவர்கள் நடுவில் போய், நான் ஜெராக்ஸ் கடைப் பின்னறையில் தம்மம்பட்டிக்காரரை வைத்து கோல் அடித்தவன் என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அவர்களுடைய சிரிப்பு வேண்டாமாக இருந்தது.

பந்தை முதன்முதலாக உதைத்தது ஒரு அதிகாலையில், யாருமில்லாத பூங்காவில். எட்டி உதைத்தேன், பந்து நின்ற இடத்திலேயே நின்றது, நான் போய் விழுந்தேன். நாய் கூட்டிவந்த ஒரு அம்மாள், "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்று இந்த ஊர் அன்போடு விசாரித்தார். கால்பந்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

நிகிலிடமும் இதே கதைதான். குமரேசனைப் பற்றிச் சொன்னேன், சாதிக்கைப் பற்றிச் சொன்னேன், 'கிளீனர் சைடு' வந்த விதத்தையும் சொன்னேன். லாரி கிளீனர் என்றால் யார், டிரைவருக்குக் கண்ணாகவும் காதாகவும் வருகிறவன் எப்படி, எல்லாம் விளக்கினேன். டிவியை மட்டும் சொல்லவில்லை. நெடுஞ்சாலை ஓரம் ஒரு பொட்டலில் மூன்று பேரும் வெறுங்காலோடு ஆடியதாக அவனே கற்பனை செய்துகொண்டான். நான் அதைக் கலைக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பான். "கிளீனர் சைடுப்பா!" என்று கூடத்தில் தலையணையை உதைப்பான். இப்போது கேட்பதில்லை. காரில் ஏறியதும் காதில் எதையோ மாட்டிக்கொள்கிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது.

4

மின்னஞ்சலை மனைவி சுகன்யாவிடம் காட்டினேன். அவள் ராசிபுரத்துக்காரி. கிளீனர் சைடு என்றால் என்ன என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏனுங்க, இத்தன நாளா இதையாங்க அங்க போயிக் கத்திட்டிருந்தீங்க?"

"வேற எதக் கத்தறது?"

"லெஃப்ட்டுன்னு ஒரு வார்த்தை இருக்குதுல்லீங்க!"

 பந்து இடப்பக்கம் போகவேண்டும் என்று மூளைக்குத் தோன்றும்போது வாயில் குமரேசன் குரல்தான் வருகிறது. இதை அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை, லிண்டாவுக்கு எங்கே புரியவைப்பது?

குமரேசனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். ஜார்க்கண்டில் எங்கோ ஒரு காட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். சத்தத்திலிருந்து தள்ளிவந்து பேசினான். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தான்.

"சீமைல போயி கிளீனர் சைடுங்கறயா! டேய், நம்மூரு மானத்தக் கப்பலேத்தீட்டயேடா!"

"சிரிக்காதடா. அந்தம்மாவ நான் கேவலமாச் சொன்னதா ஆயிப்போச்சு."

"என்னன்னு?"

"கிளீனர்னு."

சிரிப்பு நின்றது. 

"அதுல கேவலம் என்றா இருக்குது?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

இங்கே அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், இந்த ஊர் வேறு என்று ஏதோ உளறினேன். அவன் விடவில்லை.

"ஊர வுடு. நீ நேராப் போயி, இன்ன மாதிரிங்க, இது லாரிப் பேச்சுங்கன்னு சொல்லு. எம்பேரையும் சொல்லு. எனக்கொண்ணும் கொறஞ்சு போயராது."

போனை வைத்த பிறகு முகம் சூடாக இருந்தது. கேவலம் என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது. ஃபிலோமினா சொல்லவில்லை, லிண்டா எழுதவில்லை.

5

வியாழன் மாலை, மைதானத்தை ஒட்டிய மரக் குடிலில் லிண்டாவும் கிரஹாமும் உட்கார்ந்திருந்தார்கள். காகிதக் கோப்பையில் தேநீர். லிண்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும்" என்று தொடங்கினார்.

அவரை நான் முடிக்கவிடவில்லை. இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துப் பார்த்து, மடை திறந்த மாதிரி வந்துவிட்டது. அந்தச் சொல் ஃபிலோமினாவைப் பற்றியது இல்லை என்றேன். அவர்களுடைய தாள் ஒன்றை வாங்கி லாரி வரைந்தேன். இங்கே டிரைவர், இங்கே கிளீனர், இதுதான் கோல் என்றேன். கிரஹாம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு லாரியில் இரண்டாவது ஆள் எதற்கு என்பதே விளங்கவில்லை. அதையும் விளக்கினேன்.

"சரி, ஆனால் லாரிப் பேச்சு கால்பந்துக்குள் எப்படி வந்தது?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, ஆர்வத்தில்தான் கேட்டார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் இடது ஓரத்து ஆட்டக்காரன் செத்தான். சொல்லாவிட்டால் ஒரு தாயை அவள் வேலையைச் சொல்லிக் கேலி செய்தவனாக வெளியே போகவேண்டும். இரண்டில் எதைச் சுமப்பது? நிகிலை அந்த மைதானத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டாவதைச் சுமக்க முடியாது. சொல்லிவிட்டேன்.

"அது வீடியோ கேம், கிரஹாம். நான் ஊரில் பந்தைத் தொட்டதே இல்லை. நாங்கள் மூன்று பேர் ஒரு டிவிக்கு முன்னால் ஆடினோம்."

 காது மடல் எரிந்தது எனக்கு. கிரஹாம் தேநீரை ஒரு வாய் குடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்படியா. ஆஃப்சைடு விதியை நீங்கள் பிள்ளைகளுக்கு ஏன் அப்படித் தப்பாகச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது."

அவர் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். அதுதான் தாங்கவில்லை.

லிண்டா கண்ணாடியைக் கழற்றினார். "ராஜ், மனம் விட்டுச் சொன்னதற்கு நன்றி. ஆனால் இதில் ஒரு குழப்பம் நடந்திருக்கிறது. உங்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் பேச நினைத்தது நிகிலைப் பற்றி."

'குடும்ப உறுப்பினர் ஒருவர்' என்று மின்னஞ்சலில் இருந்தது அவனைத்தான். சிறுவன் பெயரை மின்னஞ்சலில் எழுதக்கூடாது என்பது அவர்கள் விதியாம். குடும்பம் என்று ஒரு கடிதம் வந்தால் அது தகப்பனைத்தான் குறிக்கும் என்று படித்தது என் புதுச்சத்திரத்துப் புத்தி. யாரும் கேட்காத குற்றத்தை நான் ஒப்புக்கொண்டு முடித்திருந்தேன்.

லிண்டா மெதுவாகச் சொன்னார். சில வாரங்களாக மெல்வினைப் பையன்கள் 'கிளீனர்' என்று கூப்பிடுகிறார்கள். அவனுக்குப் பந்து போனால் துடைக்கிற மாதிரி கையை ஆட்டுகிறார்கள். மெல்வின் இரண்டு பயிற்சிக்கு வரவில்லை. முதலில் சொல்லிச் சிரித்தது நிகில் என்று மூன்று பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.

6

வீட்டுக்கு வந்ததும் அவன் அறைக் கதவைத் தட்டினேன். கட்டிலில் படுத்திருந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். லிண்டா சொன்னதைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை.

"ஏண்டா? அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும். குமரேசன் மாமா கதைய எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

போர்வையின் ஓரத்தைத் திருகினான். பிறகு தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாகச் சொன்னான்.

"எல்லாரும் கேட்டாங்கப்பா. உன் டாட் என்ன ஷவுட் பண்றார்னு. எவ்ரி வீக் கேட்டாங்க."

"சொல்றதுதானே? லாரின்னு சொல்றதுதானே?"

"லாரின்னு சொன்னா உங்களப் பாத்துச் சிரிப்பாங்க."

"அதுக்கு?"

"அதான்... மெல்வின் மம் கிளீனர்ல, அதனால அந்த சைடுன்னு சொன்னேன். ஜஸ்ட் ஒன்ஸ். அவங்க அதுக்குச் சிரிச்சாங்க."

ஓங்கி அறைய வேண்டும் என்று தோன்றியது. எங்கப்பாவாக இருந்தால் அறைந்திருப்பார். எனக்குக் கை எழவில்லை. அப்பனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காகக் கூட ஆடுகிறவனின் தாயைக் காட்டிக்கொடுத்திருக்கிறான். நான் ஜெராக்ஸ் கடைப் பின்னறையை மறைத்தது எதற்காக? அவர்கள் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே? ஊரைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான் வாய் திறந்து ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் கற்றிருக்கிறான்.

டிவி விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். பொட்டல் இல்லை, வெறுங்கால் இல்லை, ஜப்பான் எழுத்து டிஸ்க் என்று. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 'பொய்யா?' என்று கேட்பான் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "ஓகே" என்றான். அந்த ஓகேயில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நாளைக்கு மெல்வின் வீட்டுக்குப் போகிறோம் என்றேன். அதற்கும் ஓகே என்றான்.

7

ஃபிலோமினாவிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் போனோம். "வாருங்கள்" என்றார், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்தவர் உள்ளே அழைக்கவில்லை. வேலை முடித்து வந்த கையோடு, நீல அங்கிக்கு மேலேயே ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

நிகில் பேசுமுன் நான் முந்திக்கொண்டேன். பழக்கம் விடுமா? "மேடம், முதலில் அந்தச் சொல்லை நான் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் லாரியில்..."

"எனக்குத் தெரியும்" என்றார்.

நான் நிறுத்தினேன்.

"என் அண்ணன் கோவாவில் இரும்புத் தாது ஏற்றும் டிப்பரில் கிளீனராக இருந்தான். நீங்கள் முதல் நாள் கத்தியபோதே எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் கழித்து, இந்த ஊரில், அந்தச் சொல்லைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மெல்வினிடம் சொல்லிச் சிரித்தேன். அது உன் மாமாவுடைய பக்கம் என்றேன். அவனுக்கு அந்தப் பக்கம் ஆடுவதில் பெருமை." அவர் குரல் உயரவே இல்லை. "பிறகு உங்கள் பையன் அதை மொழிபெயர்த்தான்."

போர்ச்சுகல் பாஸ்போர்ட்டைப் பார்த்து, இவருக்கு லாரியும் கிளீனரும் எங்கே தெரியப்போகிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மைதானத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே நின்றிருக்கிறோம். கோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். நான் முழங்கால் தழும்புக்காரர்கள் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.

ஃபிலோமினா என்னை விட்டுவிட்டு நிகிலைப் பார்த்தார்.

"உனக்கு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? அதனால்தான் அப்படிச் சொன்னாயா?"

அவர் வழி விட்டுக் கேட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சின்னப் பையன், வெளிநாட்டில் வளர்ந்தவன், அப்பாவின் ஊர்ப் பேச்சு புரியவில்லை. யார் குறை சொல்வார்கள்? மெல்வினும் திரும்பி வருவான், எங்கள் மானமும் மிஞ்சும். தெரியாது என்று சொல்லிவிடு சாமி என்று என் மனசு கெஞ்சியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன் தோள் மேல் வைத்திருந்த என் விரல்கள்கூட லேசாக அழுத்தின. அவனுக்கு அது புரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தான்.

பிறகு தோளை என் கைக்கு அடியிலிருந்து விலக்கிக்கொண்டான்.

"தெரியும்" என்றான். "தெரிஞ்சுதான் சொன்னேன். சாரி."

ஃபிலோமினா முகத்தைப் பார்த்தேன். மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிக்காத மாதிரியும் இல்லை. "மாடியில் இருக்கிறான். இதை அவனிடம் போய்ச் சொல். பேசுவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது" என்று கதவோரம் ஒதுங்கி நின்றார்.

நிகில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். படிக்கட்டில் அவன் ஏறுகிற சத்தம் கேட்டது. எனக்கும் ஒதுங்கி இடம் விட்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் அந்த வாசலைத் தாண்டவில்லை.